இலங்கை மலைநாட்டில் புற்றரைக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் உரம்: எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு

"அண்ணே, மாசத்துக்கு எத்தன தடவ ஒரம் போடணும்?" என்னிடம் வருகிற ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தபோது நானும் இதையே கேட்டேன். மாதக் கணக்கு வைத்து உரம் போட்டால் இந்த மலையில் நல்ல பங்கு கானோடு (வடிகாலோடு) ஓடிவிடும். இங்கே கணக்கு வைக்க வேண்டியது மழையை. அதற்கடுத்தது தளிரை. செடி தளிர்க்கிற நேரத்தில், பெருமழை இல்லாத இடைவெளியில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் முழு வேலையும். எத்தனை தடவை என்ற எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுகிற ஒழுங்கிலேயே கீழே எழுதியிருக்கிறேன். 3ஆம் படியைத் தாண்டி 5ஆம் படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள்.

1. உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம்?

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய ஊர்களுக்குப் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். அங்கே ஜூன், ஜூலை, ஓகஸ்டில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடித்து மண் காய்ந்து கிடக்கும்.

ஆகவே ஹட்டன்காரரின் அட்டவணை பண்டாரவளைக்குச் சரிவராது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் நான் சொன்ன மாதங்களை எழுதிக்கொண்டு போய்ப் பதுளையில் அப்படியே செய்தான். செப்டெம்பர் நடுவில், இன்னும் மழை தொடங்காத காய்ந்த மண்ணில் யூரியா போட்டு, புல் திட்டுத்திட்டாகக் கருகியது. தப்பு என்னுடையது. மாதத்தைச் சொன்ன நான் காரணத்தைச் சொல்லவில்லை.

மேற்குப் பக்கத்தாருக்கு உரம் போட ஏற்ற காலம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை, பிறகு செப்டெம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை. பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கத்தாருக்கு ஒக்டோபரின் முதல் மழை இரண்டு மூன்று நாள் பெய்து மண் ஊறிய பிறகு ஒரு தடவை, பெருமழை ஓய்ந்த பிப்ரவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை. கண்டி, மாத்தளைப் பக்கம் இரண்டு பருவமும் தொடும். அங்கே வானத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

ஒரு சின்னத் தராசு. அது இல்லாவிட்டால், கடையிலேயே 100 கிராம் நிறுக்கச் சொல்லி வாங்கி, வீட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடியில் கொட்டி, எதுவரை வருகிறதோ அங்கே கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு உரத்துக்கும் ஒரு மூடி, ஏனென்றால் ஒரே அளவு மூடியில் யூரியாவும் டி.எஸ்.பி.யும் ஒரே எடை நிற்காது. "ஒரு கை அள்ளி" என்கிற அளவை விட்டுவிடுங்கள். என் கை வேறு, உங்கள் கை வேறு.

நிலத்தின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஏழு பேர்ச் காணியில் வீடும் படியும் கானும் போக மிஞ்சுவது இரண்டு மூன்று பேர்ச்தான். ஏழு பேர்ச்சுக்கும் கணக்குப் பார்த்து உரம் வாங்கி இரண்டு பேர்ச்சில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யூரியா (தழைச்சத்து, அதாவது நைதரசன், 46 வீதம்), டி.எஸ்.பி. (மணிச்சத்து, அதாவது பொஸ்பரசு), எம்.ஓ.பி. (சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம்), டொலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கிற கல்மாவு), மக்கிய எரு. இந்த ஐந்தும் போதும். தேயிலைக்கு வருகிற உரத்தைக் கைமாற்றாக வாங்கிப் பூச்செடிக்குப் போடாதீர்கள். தேயிலையில் நாம் பறிப்பது இலை. அதனால் அந்தக் கலவையில் தழைச்சத்துத்தான் கூடுதல். ரோஜாவுக்குப் போட்டால் ஆள் உயரத்துக்கு வளரும், மொட்டைத்தான் தேடவேண்டும்.

3. முதல் வேலை: மண்ணின் புளிப்பு

தேயிலை வளர்கிற மண் புளித்த மண். தேயிலைக்கு அது பிடிக்கும், கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) பீட்ரூட்டுக்கும் பிடிக்காது. இந்தச் சிவந்த புளி மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து இறுக்கிக்கொள்ளும். நீங்கள் டி.எஸ்.பி. போட்டுக்கொண்டே இருப்பீர்கள், செடிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் இந்தப் படி முதலில்.

முடிந்தால் மண்ணைப் பரிசோதியுங்கள். தோட்டத்தில் ஏழெட்டு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, நிழலில் காயவைத்து, அரைக் கிலோ பையில் கட்டுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்கள ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழியைச் சொல்வார். எரு போட்ட இடத்திலும் அடுப்புச் சாம்பல் கொட்டிய இடத்திலும் மண் எடுக்காதீர்கள், கணக்கு பிசகிவிடும்.

பரிசோதிக்க வழியில்லை, ஆனால் அந்த இடம் முன்பு தேயிலைக் காடாக இருந்தது என்றால், பேர்ச்சுக்கு இரண்டரைக் கிலோ டொலமைட் தூவி மண்ணோடு கொத்திவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் இரண்டு மூன்று வருடம் போதும். பிறகு பரிசோதித்துப் பார்க்காமல் தொடர வேண்டாம்.

டொலமைட் போடக்கூடாத இடங்களும் உண்டு. அசேலியா, கமேலியா இரண்டும் புளி மண்ணை விரும்புகிறவை. கமேலியா தேயிலைக்குச் சொந்தக்காரிதான். ஹைட்ரேஞ்சியா புளி மண்ணில் நீலமாகவும், புளிப்புக் குறைந்தால் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். பங்களா வேலியோர நீலப் பூவை ஆசைப்பட்டு நட்டுவிட்டு அடியில் டொலமைட் போட்டால், அடுத்த வருடம் நிறம் மாறிவிட்டது என்று என்னிடம் வராதீர்கள். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் நடுகிற பருவத்தில் வேண்டாம், கிழங்குத் தோலில் சொறி கூடும். கோவாவுக்கு நேர்மாறு. வேர் வீங்கிக் கழலை கட்டுகிற நோய் புளி மண்ணில்தான் தலைகாட்டும், அதனால் அங்கே டொலமைட் கட்டாயம்.

4. மூன்று வாரம் காத்திருந்து எரு

டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடவே கூடாது. நான் தொடங்கிய காலத்தில் வேலையை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, இரண்டையும் ஈர மண்ணோடு ஒரே தாச்சியில் போட்டுப் பிசைந்தேன். கண் எரிகிற ஒரு வாடை வந்தது. செடிக்கு வாங்கிய தழைச்சத்து அமோனியா வாயுவாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் அதை முகர்ந்துகொண்டு நின்றிருக்கிறேன். டொலமைட்டுக்கும் எந்த உரத்துக்கும் நடுவில் மூன்று வாரம் விடுங்கள்.

அதன் பிறகு மக்கிய எரு, சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ அளவில், வருடத்துக்கு இரண்டு தடவை. நம் சரிவு நிலத்தில் உரத்தைப் பிடித்துவைப்பது எருதான். அது இல்லாத மண்ணில் போட்ட எம்.ஓ.பி. இரண்டு மழையில் இறங்கிவிடும்.

கோழி எருவில் கவனம். மூட்டை வந்து இறங்கியதும் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். நனைத்துக் குவித்து, சாக்கால் மூடி, வாரத்துக்கொரு தடவை புரட்டி இரண்டு மாதம் வையுங்கள். கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது, மூக்கைப் பிடிக்கிற வாடையும் போயிருக்க வேண்டும். கரட்டுக்குப் பச்சை எரு எதுவுமே ஆகாது. கிழங்கு இரண்டு கால், மூன்று கால் என்று பிரிந்துவிடும்.

காசு செலவில்லாத ஒன்று, ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி. பூக்குமுன் இளந்தண்டோடு வெட்டி நறுக்கிப் பாத்தியில் பரப்பினால் சீக்கிரம் மக்கும், தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நன்றாக உண்டு. காசு கொடுத்து வாங்கும் பல திரவப் போத்தல்களைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

5. புற்றரை: வருடத்துக்கு மூன்று தடவை

கிக்கூயு புல்லானாலும் மலேசியன் புல்லானாலும் வருடத்துக்கு மூன்று தடவை போதும். வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளாமல் தரையிலேயே விடுகிறவர்களுக்கு இரண்டே தடவை, ஏனென்றால் அந்தப் புல்லோடு சத்தும் திரும்பி வருகிறது. பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிற தரைக்கு மட்டும் நான்கு.

ஒரு பேர்ச்சுக்கு ஒரு தடவைக்கு யூரியா 150 முதல் 200 கிராம். அதில் வருடத்துக்கு இரண்டு தடவை எம்.ஓ.பி. 100 கிராம் சேர்க்கலாம். நிலைத்த புற்றரைக்கு மணிச்சத்து அதிகம் தேவையில்லை. புதிதாகப் பதித்த புல்லுக்கு முதல் ஐந்து, ஆறு வாரம் யூரியாவே வேண்டாம். ஒரு திட்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால் வேர் இறங்கிவிட்டது, அதன் பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.

வேலையின் ஒழுங்கு இப்படி: முதலில் மிதிபட்டு இறுகிய இடங்களில் மண் கிளறும் இரும்பு முள்ளால் குத்தி அசைத்துவிடுங்கள். இறுகிய மண்ணில் உரம் இறங்காது, மேலோடே வழிந்துவிடும். அடுத்து புல்லை வெட்டி இரண்டு நாள் விடுங்கள், வெட்டிய நுனி காயட்டும். மூன்றாம் நாள், மண் ஈரமாகவும் இலை காய்ந்தும் இருக்கிற நேரத்தில், அளந்த உரத்தை இரண்டு வாளி சலித்த காய்ந்த மணலோடு கலந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை மேலிருந்து கீழாக நடந்து தூவுங்கள், மறு பங்கைக் குறுக்காக நடந்து தூவுங்கள். இப்படிச் செய்தால் வரிக்குதிரை மாதிரிக் கோடு விழாது. முடிந்ததும் தண்ணீர். யூரியா தரைமேல் கிடந்தால் காற்றோடு போகும், இலைமேல் கிடந்தால் இலையைச் சுடும்.

காலைப் பனி ஈரம் காயுமுன் தூவுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற பிழை. மண் ஈரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஈரம் இலையில்தான் இருக்கிறது, உரமணி அதில் ஒட்டிக்கொண்டு பத்து மணி வெயிலில் சுட்டுவிடும்.

இன்னொன்று பாசி. நுவரெலியாப் பக்கப் புற்றரையில் பாசி பிடிப்பதைப் பசி என்று நினைத்து யூரியா போடுவார்கள். பாசிக்குக் காரணம் நிழல், தேங்கும் நீர், இறுகிய மண். மரக்கிளையைக் கழித்து, ஒரு கான் வெட்டி விடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் புல் மஞ்சளாவது குளிராலும் வறட்சியாலும். அதற்கும் உரம் மருந்தல்ல. டிசம்பரில் யூரியா போட்டுத் தளிர்க்கவைத்த புல்லைத்தான் உறைபனி முதலில் கருக்கும்.

6. பூச்செடிகள்

ரோஜாவுக்குக் கணக்கு கவ்வாத்திலிருந்து தொடங்கும். வெட்டிய அன்றே உரம் போடாதீர்கள், உறிஞ்சுவதற்கு இலை இல்லை. சிவந்த தளிர் ஒரு விரல் நீளம் வந்த பிறகு முதல் தடவை. அதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, பெருமழை மாதங்களை விட்டுவிட்டு. யூரியா, டி.எஸ்.பி., எம்.ஓ.பி. சம பங்கு கலந்து, வளர்ந்த செடிக்கு ஒரு மட்டமான மேசைக்கரண்டி. கலவையைப் போடுகிற அன்றே கலக்குங்கள். யூரியாவையும் டி.எஸ்.பி.யையும் கலந்து வைத்தால் நீர்விட்டுக் கூழாகிவிடும்.

தண்டை ஒட்டிப் போடாதீர்கள். சத்தை உறிஞ்சும் நுனிவேர் கிளை நிழல் விழுகிற விளிம்பில் இருக்கிறது. சரிவு நிலமென்றால் செடியின் மேல்பக்கம் மட்டும் அரைவட்டமாகக் கீறிப் போட்டு மூடுங்கள். தண்ணீர் கீழே இறங்கும்போது வேரைத் தாண்டித்தான் போகவேண்டும். கீழ்ப்பக்கம் போட்டது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போகும்.

டேலியாவுக்கு நடும்போது எருவும் டி.எஸ்.பி.யும், மொட்டு வரும்போது எம்.ஓ.பி. தழைச்சத்தைக் கூட்டினால் தண்டு குழாய் மாதிரிப் பருத்துக் காற்றில் ஒடியும். ஹைட்ரேஞ்சியாவுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை எருவே போதும். ஜெரனியத்தைக் கொஞ்சம் பசியிலேயே விடுங்கள், பூ கூடுதலாக வரும்.

7. மரக்கறிப் பாத்தி

மரக்கறி மூன்று நான்கு மாதத்தில் வேலையை முடித்துக்கொள்கிற பயிர். அதனால் இங்கே மட்டும் வாரக் கணக்கு செல்லும்.

அடிக்கட்டுப் பசளை நடுவதற்கு இரண்டு நாள் முன்பு. 10 சதுர மீற்றர் பாத்திக்கு டி.எஸ்.பி. 200 கிராம், எம்.ஓ.பி. 75 கிராம், யூரியா 100 கிராம். இது நான் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் வைக்கிற அளவு. எருவை நன்றாகப் போட்டிருந்தால் யூரியாவைப் பாதியாக்குங்கள். டி.எஸ்.பி.யைப் பரவலாகத் தூவாமல் நடுகிற வரிசையில் கோடு கீறிப் போடுங்கள். அது மண்ணில் நகராது, வேர்தான் அதைத் தேடி வரவேண்டும்.

மேற்கட்டுப் பசளையாக யூரியா 100 கிராம். கோவாவுக்கு நட்ட மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும். தலை இறுகத் தொடங்கிய பிறகு போட்டால் வெடிக்கும். லீக்ஸ் நெடுநாள் பயிர், மூன்று, ஆறு, ஒன்பதாம் வாரங்களில் மண் அணைக்கும்போதே போடலாம். கரட்டுக்கு ஒரே ஒரு தடவை, நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்த பிறகு, அதுவும் பாதி அளவு. போஞ்சி வேரில் தானே தழைச்சத்தைச் சேர்க்கிற பயிர். அதற்கு யூரியாவை அள்ளிப்போட்டுவிட்டுக் காய் காணவில்லை என்று சொல்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள்.

8. பூச்சாடிகள்

சாடியில் மண் கொஞ்சம், தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து அடியால் வெளியேறும். அதனால் அடிக்கடி, ஆனால் மிக மெல்லியதாக. கரையக்கூடிய கலவை உரம் ஒரு மட்டமான தேக்கரண்டி, 10 லீற்றர் வாளித் தண்ணீரில். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஆந்தூரியத்துக்கு இதிலும் பாதி.

காட்டுச் சூரியகாந்தியை வாளியில் ஊறப்போட்டு இரண்டு வாரம் கழித்து வடிகட்டி, பிளேன்டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் சேர்த்தும் ஊற்றலாம். வாடைக்கு வீட்டாரிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் உப்புச் சேர்ந்துவிட்டது. உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியாக நன்றாக ஓடும்வரை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த சாடிக்கு ஒருபோதும் உரத்தண்ணீர் கூடாது. முதல் நாள் தண்ணீர், மறுநாள் உரம்.

9. பழமரங்கள்

வருடத்துக்கு இரண்டு தடவை, பெருமழைக்கு முன்னும் பின்னும். கொய்யா, பட்டர்ஃபுரூட், மரத்தக்காளி எதுவானாலும் கிளை விளிம்புக்கு நேர் கீழே ஒரு சாண் ஆழக் குழிகள் எடுத்து, எருவோடு கலந்து மூடுங்கள். மரத்துக்கு டி.எஸ்.பி. வாங்க வேண்டியதில்லை. எப்பாவலை பொஸ்பேற் (அரைத்த பாறை, மணிச்சத்து உள்ளது) மலிவு, புளி மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து வருடக்கணக்கில் கொடுக்கும். இங்கே மட்டும் நம் மண்ணின் புளிப்பு நமக்கு லாபம்.

10. போடுகிற நாள்

முதல் நாள் மண் நனைந்திருக்க வேண்டும், அடுத்த இரண்டு நாளுக்குப் பெருமழை அறிகுறி இருக்கக்கூடாது. தூறல் நல்லது. "மழை வரப்போகுது, ஒரத்தப் போட்டுருவோம்" என்று ஓடுவது ஒரு பழக்கம் இங்கே. அது தூறலுக்குப் பொருந்தும், இடிமழைக்குப் பொருந்தாது. மேற்கு மலையில் சித்திரை மாதத்துப் பின்னேர இடிமழை அரை மணியில் பாத்தியையே இறக்கிவிடும். அந்த நாட்களில் நான் விடிந்து, பனி காய்ந்த பிறகு ஒன்பது மணி போலப் போட்டு, மண்ணைக் கிளறி மூடிவிடுவேன்.

பீலிக்கு (குடிக்கத் தண்ணீர் பிடிக்கிற ஊற்றுவாய்) மேலே உள்ள சரிவில் உரம் தூவாதீர்கள். அங்கே எரு, அதுவும் மண்ணுக்குள். கீழே இருக்கிறவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

போட்ட திகதியையும் அளவையும் கலண்டரிலேயே எழுதுங்கள். "போன மாசம் போட்டேனா?" என்ற சந்தேகத்தில் இரண்டாம் தடவை போட்டுச் செத்த செடிகள் பட்டினியால் செத்தவற்றைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

11. செடி சொல்வதை வாசிக்க

அடியிலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இலை விளிம்பு பழுப்பாகக் காய்ந்தால் இரண்டு சந்தேகம்: சாம்பல்சத்துக் குறை, அல்லது உரம் கூடிவிட்டது. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கலண்டரைப் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் என்றால் கூடிவிட்டது, தண்ணீர் விடுங்கள். அடியிலையில் நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக இருந்தால் மக்னீசியக் குறை. டொலமைட்டிலேயே அது உண்டு. செடி வாடி நின்றால் எந்தச் சத்தும் கொடுக்காதீர்கள். வேரைத் தோண்டிப் பாருங்கள், நீர் தேங்கி அழுகியிருக்கும், அல்லது புழு இருக்கும்.

12. மிச்ச உரத்தை வைப்பது

நம் மூடுபனிக்கு யூரியா ஒரே மாதத்தில் கல்லாகும். பையை இறுகக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கட்டியானால் உடைத்துப் பயன்படுத்தலாம், சத்துப் போகாது. உப்பு, சீனி வைக்கிற டின்னில் ஒருபோதும் போடாதீர்கள், பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

லயத்துப் பக்கம் மாடும் ஆடும் இருக்கிற வீடுகளில் இன்னும் கவனம். மாடு யூரியாவை ருசித்து நக்கும், கொஞ்சம் அதிகமானாலே வயிறு ஊதிச் செத்துவிடும். வெறும் சாக்கைக்கூட வெளியே போடாதீர்கள். சாக்கை அலசிய தண்ணீரை வாளியோடு விட்டுவைக்காமல் இன்னும் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாழை மூட்டில் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.